இட்லி வண்டிக்குக் கதவு எந்தப் பக்கம்

எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பாவு நூலின் எண்ணிக்கையும் புடவை நீளமும்தான். நாலு பேர் நடுவில் நிமிர்ந்து பேசவே கூசுகிறவன், அட்டையில் செய்த ஒரு வண்டியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரிகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். நேரில் போனால் வாய் வராது. எழுதினால் வரும் என்று நினைக்கிறேன்.

ஆரணியில் பட்டுப் புடவை நெய்கிறேன். மகளைச் சென்னையில் கட்டிக் கொடுத்துவிட்டோம். வீட்டில் நானும் என் மனைவியும்தான். முன்பக்கம் கூடம், அதில் டி.வி. பின்பக்கம் தறி. தறிக் குழியில் உட்கார்ந்தால் டி.வி. தெரியாது, சத்தம் மட்டும் வரும். அதனால், உடைந்த பீரோவிலிருந்து கழற்றிய கண்ணாடியை நடுக்கதவுக்குப் பக்கத்தில் சாய்வாக மாட்டி வைத்திருந்தேன். கால் மிதியில் இருக்கும்போதே கண்ணாடிக்குள் படம் தெரியும். எழுத்தெல்லாம் திரும்பித்தான் தெரியும். எனக்கு அது தொந்தரவாக இல்லை. என் தறியில் புடவையின் உள்பக்கம் மேலே இருக்கும்படிதான் நெய்கிறேன். பூ சரியாக விழுகிறதா என்று பார்க்கக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியை நீட்ட வேண்டும். திரும்பியிருப்பதை நேராகப் படிப்பது கண்ணுக்குப் பழகிவிட்டது.

வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு நகைச்சுவைத் தொடர் வந்துகொண்டிருந்தது. வேலை போன ஒருவர் மலிவாகக் கிடைத்தது என்று பழைய அமரர் ஊர்தி ஒன்றை வாங்கி அதில் இட்லிக் கடை போடுகிறார். ‘அமரர்’ என்ற எழுத்தின் மேல் வெள்ளை அடித்து ‘டிபன்’ என்று எழுதிவிடுகிறார். மழை பெய்தால் வெள்ளை கரைந்து பழைய எழுத்து எட்டிப் பார்க்கும். தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சாப்பிடுகிறவர்கள் அதைப் படித்துவிட்டு ஓடுவார்கள். வண்டி நின்றுவிட்டால் மாமியார் இறங்கி அதை நாலு திட்டு திட்ட வேண்டும், அப்போதுதான் கிளம்பும். இவ்வளவுதான் கதை. இரண்டு வருடம் சிரித்தோம்.

தொடரைவிட என் மனைவியின் சத்தம்தான் வீட்டில் அதிகம். சர்ச் சபையில் பெண்கள் பக்கம் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் அவள். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டே தறிப் பக்கம் குரல் கொடுப்பாள்.

“ஏங்க, பாத்துகினு கீறீங்களா? இப்ப பாருங்க, மாமியார்க்காரி எறங்கறா!”

எனக்கும் தெரியும். ஆனாலும் அவள் சொன்ன பிறகு பார்த்தால்தான் சிரிப்பு வரும்.

போன வருடம் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். நல்ல டாக்டர் அம்மா, எனக்குப் படம் போட்டுக் காட்டி விளக்கினார்கள். கட்டி சாதாரணக் கட்டிதான் என்று சொன்ன அன்று நான் ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். குரல் மட்டும் கட்டையாகிவிட்டது. அதற்கும் டாக்டர் அம்மா வழி சொல்லித்தான் அனுப்பினார்கள்: “பேசணும். பேசப் பேசத்தான் தொண்டை திறக்கும். வெட்கப்பட்டு வாயை மூடிட்டா இந்தக் குரலே நின்னுடும்.”

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் போளூரிலிருந்து அவள் தங்கை போன் செய்தாள். மனைவிதான் எடுத்து “அலோ” என்றாள். அந்தப் பக்கத்தில், “மாமா, நல்லா கீறீங்களா? அக்காகிட்ட குடுங்க” என்று கேட்டது எனக்கே காதில் விழுந்தது. மனைவி போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சமையலறைக்குள் போனாள்.

அதோடு பேச்சு நின்றது. என்னிடம் கைஜாடை. வெளியாட்கள் வந்தால் உள்ளே போய்விடுவாள். கடை, ரேஷன் எல்லாம் நான் என்று ஆனது. ஆராதனைக்கு வருவாள், கடைசி பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடி நிற்பாள். அந்த மாதமே தொடரும் முடிந்துவிட்டது. ஏழு மணிக்கு டி.வி. ஓடும், வேறு என்னவோ வரும், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். கூடத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. தறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பயமாக இருந்தது. நாள் போகப் போக, டாக்டர் அம்மா சொன்னது நடந்துவிடுமோ என்று தோன்ற ஆரம்பித்தது.

“பேசும்மா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் நான் அவளிடம் பேசியது குறைவு, கேட்டதுதான் அதிகம். அந்த இட்லி வண்டியைப் பார்த்தால் சிரிப்பாள், சிரிப்பும் ஒரு சத்தம்தானே என்று தோன்றியது. அப்படித்தான் ஆரம்பித்தேன்.

என்னிடம் இருந்தது பழைய ஜக்கார்டு அட்டை. பூ விழுவதற்காக ஓட்டை போட்டுத் தறிக்கு மேலே மாலை போலக் கோத்துத் தொங்கவிடுவோமே, அது. டிசைன் மாறினால் பழையது பரணில்தான் கிடக்கும். நல்ல கெட்டி அட்டை. அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மாமியாராக நடித்த அம்மாள் ஐந்தடி இருப்பார், அவர் தலை வண்டியின் ஜன்னல் விளிம்புக்கு வரும், அதிலிருந்து மற்ற உயரமெல்லாம் கிடைத்தது. நீளம் பதினைந்து அங்குலம். பெரிய போன் அவளிடம் இருந்ததால் அதில் போட்டுப் பார்க்க முடியவில்லை. பார்க்கவும் தேவையில்லை என்று நினைத்தேன். இரண்டு வருடம், வாரத்துக்கு ஐந்து நாள் பார்த்தது கண்ணிலேயே நின்றது.

அவள் மதியம் படுக்கும் ஒரு மணி நேரம்தான் எனக்கு. அட்டை ஓட்டைகளில் காகிதக் கூழைக் கஞ்சியோடு பிசைந்து அடைத்து, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சக்கரத்துக்கு அவளுடைய தைராய்டு மாத்திரை டப்பாவின் மூடி, மேலே சைக்கிள் டியூப் வளையம். இரண்டு மூடிதான் வீட்டில் இருந்தது. மருந்துக் கடைக்காரரிடம் கூசிக் கூசிக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் மூன்று எடுத்துக் கொடுத்தார். ‘ஒண்ணு ஸ்டெப்னிக்கு’ என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஓரங்களில் மின்னுகிற பட்டைக்குச் சரிகையை முறுக்கி ஒட்டினேன். மாத்திரை அட்டையின் தகடு இட்லிக் குண்டான் ஆனது. பக்கக் கதவைத் தூக்கினால் கூரை மாதிரி நிற்கும், உள்ளே பலகை, பலகையில் சாக்பீஸைச் செதுக்கிய ஆறு இட்லி. டிரைவர் சீட், ஸ்டியரிங், கதவுக்குப் பக்கத்தில் தொங்கும் தண்ணீர்க் குடம், முன்பக்க பம்பர் மூலையில் இருக்கும் நசுங்கல் எதையும் விடவில்லை. ‘டிபன்’ எழுத்துக்குக் கீழே ‘அமரர்’ மங்கலாகத் தெரிய வேண்டும். அதற்கு மட்டும் நாலு நாள் ஆனது.

பக்கத்து வீட்டுத் தறிக்காரத் தம்பி, என்னைவிடப் பத்து வயது இளையவர், சாயங்காலம் தன் தறியை நிறுத்திவிட்டு எங்கள் தறி ஜன்னலில் வந்து சாய்ந்து என்னோடு சேர்ந்து அதே கண்ணாடியில் தொடர் பார்த்தவர். ஒரு மதியம் எட்டிப் பார்த்தார்.

“இன்னாண்ணா, தறி வீட்ல வண்டி கம்பெனி ஆரம்பிச்சிட்டியா?”

“சத்தம் போடாத. அண்ணி தூங்குது.”

அவர் கையை ஜன்னல் கம்பிக்குள் விட்டு வண்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்டியே கீதுண்ணா. ஒரு புள்ளி தப்பு இல்ல. மாமியார்க்காரி எங்க, அவளயும் செஞ்சி உக்கார வையி.”

அவர் சொன்னதில் எனக்கு ரொம்ப தைரியம் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு வண்டியை எடுத்துக் கூடத்தில் டி.வி.க்கு முன்னால் வைத்தேன். நான் தள்ளிப் போய் நடுக்கதவில் நின்றேன்.

அவள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு வண்டியிடம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். எழுத்தைத் தடவினாள். கதவைத் தூக்கினாள். இட்லியை எண்ணினாள். கண் கலங்கியது. சிரிப்பாள் சிரிப்பாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவள் நெற்றி சுருங்குகிறது. வண்டியைத் திருப்பினாள். அந்தப் பக்கம் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

“ஏங்க, கதவு இன்னாத்துக்கு இந்தப் பக்கம் கீது?”

கரகரவென்று, கட்டையாக, ஆனால் சத்தமாக வந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கேட்ட குரல். நான் அதைக் கேட்டு நெகிழ்ந்து நின்றேன் என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது.

“அந்தப் பக்கம்தான். ரெண்டு வருஷமா பாக்கறேன்.”

“எதுல பாத்தீங்க? கண்ணாடில பாத்தீங்க. நான் நேருல பாத்தவ. கதவு எடது பக்கம். இப்டி வச்சா சனம் ரோட்டு நடுவுல நின்னுகினா இட்லி துன்னும்? பஸ்ஸு அடிச்சிட்டு போவும்!”

“அதெல்லாம்...”

“ஸ்டியரிங்க பாருங்க. இவரு இன்னா, வெளிநாட்ல கடை போட்டாரா?”

நான் போய்க் குனிந்து பார்த்தேன். ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. நான் சைக்கிள் தவிர எதுவும் ஓட்டியதில்லை. நசுங்கல், குடம், ஸ்டெப்னி, பெட்ரோல் மூடி, எல்லாமே எதிர்ப்பக்கம். எழுத்து மட்டும் நேராக இருந்தது, எழுத்தைப் பார்த்தால்தானே மனது திருப்பிக்கொள்ளும். வண்டியை அது திருப்பவில்லை, கண்ணாடியில் பார்த்தபடியே கை செய்துவிட்டது. ஒத்துக்கொள்ள மனமில்லாமல், “நசுங்கல் அந்தப் பக்கம்தான்” என்று இன்னொரு தடவை சொன்னேன். அவள் விடவில்லை. எங்கள் வீட்டில் நான் எதிர்த்துப் பேசுவது அபூர்வம், அதனால் அவள் குரலும் ஏறிக்கொண்டே போனது.

அப்போதுதான் வாசலில் அந்தத் தறிக்காரத் தம்பியின் சத்தம் கேட்டது. “அண்ணா! இன்னா சண்டை? உள்ள யாருண்ணா அந்த ஆளு?”

போனில் தங்கை செய்த அதே தவறுதான். அவள் கை தானாகக் கழுத்துத் தழும்புக்குப் போனது. எழுந்து உள்ளே போகத்தான் போகிறாள் என்று நினைத்தேன். சமையலறைப் பக்கம் திரும்பியும் விட்டாள். வண்டியை ஒரு தடவை பார்த்தாள்.

“எந்த ஆளும் இல்ல, நான்தான்!” என்று வாசலைப் பார்த்துக் கத்தினாள். “ஒரு புள்ளி தப்பு இல்லன்னு சொன்னது நீதானே? ஜன்னல்ல நீ சொன்னது என் காதுல வியலயா? வா உள்ள. ரெண்டு பேரும் சேந்து கண்ணாடில பாத்துட்டு எனக்கு வண்டி செஞ்சிக் குடுக்கறீங்களா?”

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். “அண்ணி... நீங்களா அண்ணி? நான் யாரோ புடவை கேக்க வந்த முதலாளின்னு இல்ல பயந்துட்டேன்.”

அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை. இருமலும் மூச்சும் கலந்த கனத்த சிரிப்பு. வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடி சிரித்தாள். அந்தத் தம்பி உட்கார்ந்து, நிலாவிலிருந்து பார்த்தாலும் கதவு வலப்பக்கம்தான் என்று சாதித்தார். வேண்டுமென்றே சாதிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு அவள் பதில் சொல்லிச் சொல்லி, தொடரில் எந்தெந்தக் காட்சியில் கதவு எப்படித் தெரிந்தது என்று ஒன்றொன்றாக நடித்தே காட்டினாள். டீ இரண்டு தடவை நான்தான் போட்டேன்.

யார் யாருக்கெல்லாம் நான் கடன்பட்டவன் என்று அடுப்பு முன்னால் நின்று நினைத்தேன். டாக்டர் அம்மாவுக்கு. கேள்வி கேட்காத மருந்துக் கடைக்காரருக்கு. அந்தத் தொடரை எழுதிய, முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு. பொய்யாகச் சண்டை போட்ட தம்பிக்கு. அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டம்ளரில் சர்க்கரை கொஞ்சம் அதிகமாகப் போட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. நான் நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுத்தேன். அவளே ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தாள். அரிசி போட்டார்களாம், பருப்பு இன்னும் வரவில்லையாம்.