குப்புறக் கிடந்த நாற்பது கண்கள்

முன்னறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

குசினியில் தேநீருக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்த ஜெஸீமாவின் கை அப்படியே நின்றது. நடுவில் ஒரு திரைச்சீலைதான். அதற்கு அப்பால் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி அவள் மகள் நிம்றா. மற்றவர் ஷபீகா, நிம்றாவின் மனம் நாடிய ரிம்ஸானின் தாய். ஆண்கள் வந்து பேசுவதற்கு முன்னால் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தனியாக வந்திருந்தார். "உம்மாக்குப் புடிச்சாத்தான் மத்தது எல்லாம்" என்று ரிம்ஸான் முன்கூட்டியே சொல்லிவிட்டான். அலறியது அந்த உம்மாதான்.

ஜெஸீமா பிரிட்ஜைத் திறந்தாள். விருந்தாளிக்கென்று மேல்தட்டில் வைத்த ரோஸ் நிறக் கடற்பாசி இனிப்பை யாரும் தொடவில்லை. கீழ்த்தட்டில் வைத்த தாம்பாளத்தைத்தான் காணவில்லை.

"யா அல்லாஹ்... கண்!"

ஆனாலும் அவள் ஓடவில்லை. திரைச்சீலையைப் பிடித்தபடி காதைக் கொடுத்தாள். அலறலில் ஒன்றுமில்லை. அலறலுக்குப் பிறகு என்ன வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதை அவள் கற்றுக்கொண்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஐம்பத்திரண்டு வயது ஜெஸீமாவைக் கடற்பாசிக்காகத்தான் வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும். பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உறைய விடும் அந்த இனிப்பு இல்லாமல் அந்தக் கட்டடத்தில் ஒரு வீட்டிலும் நோன்பு திறப்பதில்லை. கடற்கரை ரயில் பாதைக்கு மேலே நான்காம் மாடி வீடு. ரயில் போகும்போது தட்டு நடுங்கும், உறைகிற கடற்பாசியில் கோடு விழும். ஆகையால் ரயில் நேரங்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, இரண்டு ரயில்களுக்கு இடையில் ஊற்றுவாள். பத்தொன்பது வயதில் பௌஸிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுடைய பொழுதை அளந்தது அந்த ரயில்கள்தான். சினிமாக் கொட்டகை ஒன்றின் உட்புறத்தை அவள் கண்டதே இல்லை.

அப்படிப்பட்டவளிடம்தான் மேல்மாடி அப்ஹாம் ஒருநாள் வந்து நின்றான்.

"சாச்சி, எனக்கு ஒரு கண் செஞ்சு தர ஏலுமா?"

"என்ன கண் மகன்?"

"மனிசக் கண். கழண்டு தேத்தண்ணிக் கோப்பைக்குள்ள விழோணும். விழுந்தா அதைக் குடிக்கோணும்."

"உங்கட வாப்பாக்குத் தெரியுமா இதெல்லாம்?"

அவனும் அவன் கூட்டாளிகளும் எடுத்த படம் அது. துண்டு துண்டாக ஆறு கதைகள். தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு திடுக்கிடல், ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். திட்டி அனுப்பத்தான் நினைத்தாள். ஆனால் அடுப்படியில் நிற்கும்போது கை சும்மா இருக்கவில்லை. முதலில் கித்துள் பாணி என்ற கரும்பழுப்புப் பாகில் கருமணி. அதைச் சுற்றி ஈர்க்கு நுனியால் சிவப்பு நரம்புகள். மேலே பால் கடற்பாசி. உறைந்ததும் கிண்ணத்திலிருந்து கவிழ்த்தாள். கண் அவளைப் பார்த்தது. அவளே பின்னால் இரண்டடி வைத்துவிட்டாள்.

"ஒண்டு சொல்றேன். இது சாப்பாடு. எறியக்கூடாது, எடுத்து முடிஞ்சதும் சாப்பிடோணும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

படத்தைக் கொள்ளுப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் காட்டினார்கள். அப்ஹாம் கெஞ்சியதால் போனாள். பக்கத்து நாற்காலியில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த றோஸி என்றொரு பெண். விளக்கு அணைந்தது. கண் வைத்தியர் நோயாளிக்கு எழுத்துகளைக் காட்டுகிறார். நோயாளி இன்னும் கூர்ந்து பார்க்கிறான், இன்னும் கூர்ந்து பார்க்கிறான். 'ப்ளக்' என்று அவன் கண் கழன்று வைத்தியரின் கோப்பைக்குள் விழுகிறது. வைத்தியர் பதறவில்லை. சீனி போட்டுக் கலக்கி, ஒரே மடக்கில் குடிக்கிறார்.

இருநூறு பேரும் ஒரே குரலில் அலறினார்கள். றோஸியின் நகங்கள் ஜெஸீமாவின் கையில் பதிந்தன.

அதன் பிறகு ஒரு மௌனம். ஜெஸீமா திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தாள். வாய் பிளந்து, கண் விரிந்து, வயது மறந்து, வேலை மறந்து, வீட்டுக் கவலை மறந்து இருநூறு முகங்கள். அவள் மனதுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. எங்கோ பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு மண்டபமே இடிந்து விழுவதுபோல் சிரித்தது.

"அம்மோ, என்ட மாதாவே! என்ட மனிசன் செத்த பிறகு நான் இப்பிடிச் சிரிச்சதே இல்லை" என்று கண்ணீரைத் துடைத்தாள் றோஸி. யாரோடு பேசுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ஜெஸீமா சொல்லவும் இல்லை. ஒரு சட்டிப் பாலுக்கும் ஒரு பிடி கடற்பாசிக்கும் இத்தனை உயிர்களை ஒரே மூச்சில் பிடித்து உலுக்கும் வல்லமையா? அந்த வல்லமை தன் கைக்கா?

எல்லாரும் சிரிக்கவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் எழும்பி, "மனிசர் பாக்கிற படமே இது? வாரும் போவம்!" என்று மனைவியை அதட்டினார். "இஞ்சருங்கோ, நீங்கள் போங்கோ. நான் முடியத்தான் வருவன்" என்றார் அந்த அம்மா. விறுவிறுவென்று கதவடிக்குப் போன பெரியவர், கைப்பிடியில் கை வைத்தபடி படம் முடியும்வரை அங்கேயே நின்று பார்த்தார். ஜெஸீமா அதையும் பார்த்துவைத்தாள்.

வீட்டில் சொன்னபோது பௌஸி வியந்தே போனார். "உங்கட கடப்பாசியப் பாத்து ஆக்கள் கத்தினாங்களா? நான் முப்பது வருஷத்துக்கு மேலயா சத்தமில்லாமத் தின்றேனே!"

அடுத்த படத்துக்கு அப்ஹாம் நாற்பது கண்கள் கேட்டிருந்தான். கருமணி காய்ந்துபோகாமல் இருக்க, ஈரத் துணியின் மேல் குப்புற அடுக்கி வைத்திருந்தாள். மேலே பார்த்தால் வெள்ளைப் பால் கடற்பாசிதான். பதற்றத்தில் இருந்த நிம்றா கைக்கு எட்டிய அந்தத் தாம்பாளத்தை எடுத்துப் போயிருப்பாள். தட்டில் ஒன்று வைத்து நீட்டியிருப்பாள். ஷபீகா கரண்டியால் அதைப் புரட்டியிருப்பார்.

ஒன்று, எண்ணினாள் ஜெஸீமா. இரண்டு.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. கட்டடம் கடகடத்தது. மூன்றாவது எண்ணுக்குப் பிறகு வந்தது சிரிப்பா, காலடியா? ஒரு பெண்ணின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு ஒலியை ரயில் விழுங்கிவிட்டது. பெற்ற மனம் பொறுக்கவில்லை. திரைச்சீலையை விலக்கினாள்.

ஷபீகா கதவடியில் நின்றார். ஒரு காலில் செருப்பு ஏறியிருந்தது. நிம்றா தட்டைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள். தட்டிலிருந்த கண் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ராத்தா" என்றாள் ஜெஸீமா. பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. நாக்கு வரவில்லை. "அது கடப்பாசி. நான்தான் ஊத்தின. படம் எடுக்கிற புள்ளைகளுக்கு. மகள் தெரியாம எடுத்துட்டா. அவள்ல ஒரு குத்தமும் இல்ல."

"படத்துக்கா? நீங்களா?"

"ஓம். நான்தான்."

ஷபீகாவின் கை கதவின் கைப்பிடியில் இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜெஸீமாவுக்கு அந்தப் பெரியவரின் நினைவு வந்தது. எழும்பியவர் எல்லாரும் போய்விடுவதில்லை. கதவு சாத்தும்வரை அவர்களும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அவள் காத்திருந்தாள்.

"நான் பொண்ணு பாக்க வந்த" என்றார் ஷபீகா மெதுவாக. "இது என்னையல்லவா பாக்குது!"

அவருடைய உதட்டு ஓரம் துடித்தது.

"இனிப்பா?"

"பாலும் சீனியும், ராத்தா. கருமணி கித்துள் பாணி."

ஷபீகா செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். அழுதுகொண்டிருந்த பெண்ணின் கையிலிருந்து தட்டை வாங்கினார். கண்ணைக் கண்ணால் பார்க்க மனமில்லாமல், தன் கண்களை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தார். மென்றார். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. முந்தானை தலையிலிருந்து நழுவ, நாற்காலியில் சரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். அழுதபடியே நிம்றாவும் சிரித்தாள். ஜெஸீமாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கொள்ளுப்பிட்டியில் இருநூறு முகங்களில் கண்ட அதே வெளிச்சம் இப்போது தன் சொந்த முன்னறையில், ஒரே ஒரு முகத்தில். அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

புறப்படும்போது ஷபீகா ஒரு பெட்டி கேட்டார். "ரெண்டு கண் வெச்சுத் தாங்க. மகனுக்கு ஒண்டு, அவர்ட வாப்பாக்கு ஒண்டு. நான் மட்டுமா கத்தோணும்?"

"குப்புற வெக்கிறேன், ராத்தா."

"அப்பிடித்தான் வெக்கோணும்." அவர் நிம்றாவின் கன்னத்தைத் தடவினார். "நிக்காஹ்வுக்கு மட்டும் இந்தக் கடப்பாசி வேணாம், விளங்கிச்சா?" வாசலைத் தாண்டியவர் ஒரு நொடி யோசித்தார். "இல்லாட்டி, என்ட மச்சிமார் இருக்கிற மேசைக்கு மட்டும் வைங்க."

பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி அவர் படியிறங்கினார். ஜெஸீமா கதவைச் சாத்தினாள். நான்கு மாடி இறங்கி முடியும்வரை அந்தத் தனிச் சிரிப்பு மூடிய கதவுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தது.