காக்கைக்கு வைத்த முதல் வாய்

என் மனைவிக்கு நான் சாப்பாடு ஊட்டுவதில்லை, ஊற்றுகிறேன். வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். சத்துமாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்துக் குழாய் வழியாக மெல்ல விடுவேன். ஒரு நாளைக்கு ஆறு வேளை. உணவுக்குழாயில் வந்த கட்டிக்குக் கரண்ட் வைத்தார்கள், கதிர் சிகிச்சை. கட்டி கரைந்தது, கூடவே வழியும் சுருங்கிப்போனது. எச்சிலைக்கூட அவள் துப்பத்தான் வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம், வழி விட்டிருந்தால் வாயால் சாப்பிடலாம், விடவில்லை என்றால் இந்தக் குழாய்தான் என்று டாக்டர் சொன்னார். அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஒருநாள் மத்தியானம் மதில்மேல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு வந்து கஞ்சி விட்டுக்கொண்டிருந்தேன். அவள் குரல் கம்மிப்போய்த்தான் வரும்.

"ஏங்க, ஒன்னு கேக்கட்டுமா. நெசத்த சொல்லணும்."

"கேளு."

"அந்த வெளிநாட்டு ஓட்டல்லலாம் சாப்ட்டு வந்து, சப்புனு இருந்துச்சு, வாயில வைக்க முடியலன்னு சொல்வீங்களே. நெசமாவே அப்டியா?"

சிரிஞ்சைப் பிடித்த கை நின்றுவிட்டது.

நான் எட்டாவது வரைதான் படித்தவன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலைத் தொட்டு ரகம் பிரிக்கிற வேலை முப்பது வருஷம் பார்த்தேன். எது நம்பர் ஒன், எது கழிவு என்று என் கட்டைவிரல் சொல்லிவிடும். அந்த விரலுக்காகத்தான் முதலாளி வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வியாபாரம் பேசி முடித்ததும் சரக்கு வாங்குகிறவர்கள் எங்களைச் சாப்பிட அழைத்துப் போவார்கள். அந்த ஊரிலேயே பெரிய ஓட்டலாகப் பார்த்துத்தான் கூட்டிப்போவார்கள். மிலான், பாரிஸ், ஹாங்காங் என்று கடவுள் எனக்குக் காட்டிய மேஜைகளை என் தெருவில் வேறு யாரும் பார்த்ததில்லை.

நான் வெளிநாடு போயிருக்கிற நாளெல்லாம் இவள் வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டினி கிடப்பாள். என் விமானம் பத்திரமாக இறங்க வேண்டும் என்று. நான் அங்கே ஏழு தட்டு, எட்டு தட்டு மாற்றிச் சாப்பிட்டு வந்து, பட்டினி கிடந்தவள் எதிரில் உட்கார்ந்து, நன்றாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? "அதெல்லாம் உன் குழம்புக்கு உறை போடக் காணாது" என்பேன். சொல்லிச் சொல்லி அதுவே பழகிவிட்டது.

"சப்புனு இல்லம்மா" என்றேன்.

"தெரியும்."

"தெரியுமா?"

"ஒவ்வொரு வாட்டியும் பேன்ட்டு பட்டன் பூட்ட முடியாம வருவீங்க. பட்டினி கெடந்தவன் தொப்பையோடவா வருவான்?" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே மதிலைப் பார்த்தாள். "ஒன்னு விடாம சொல்லுங்க. காதாலயாவது சாப்புடுறேன்."

அன்றிலிருந்து குழாயில் கஞ்சி இறங்குகிற நேரமெல்லாம் நான் ஓட்டல் கதை சொன்னேன். ஒரு வேளைக்கு இருபது நிமிஷம் ஆகும். அவசரப்பட்டால் குமட்டும். அதனால் ஒவ்வொரு தட்டாக, மெல்லச் சொன்னேன்.

மிலானில் விளக்கைக் குறைத்து வைத்திருந்தார்கள். உட்காருவதற்கு முன்னால் நாற்காலித் தோலை அழுத்திப் பார்த்தேன். "அத அப்பறம் பாரு, மொதல்ல குந்து" என்றார் முதலாளி. அவர் ஐந்து வேளை தொழுகிறவர், ஹலால் இல்லாத கறியைத் தொடமாட்டார். நான் கார்த்திகை விரதக்காரன். அன்றைக்குக் கார்த்திகை வேறு. அழைத்துப்போனவர்கள் கன்றுக்குட்டிக் கறியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். முதலாளி என் பக்கம் சாய்ந்து, "உனக்கும் புல்லு, எனக்கும் புல்லு. இன்னிக்கு நாம ரெண்டு பேரும் தோஸ்த்து" என்றார். கறித்தண்ணீர் சேர்க்காமல் குங்குமப்பூப் போட்டுக் குழைந்த சோறு செய்து கொடுத்தார்கள். தாம்பாளம் அளவு தட்டில் நடுவே ஒரு கை சோறு.

எனக்கு ஒரு பழக்கம். எங்கே சாப்பிட்டாலும் முதல் வாய் என் அப்பாவுக்கு. வீட்டில் என்றால் காக்கைக்கு வைப்பேன், வெளியில் என்றால் தட்டு ஓரமாக ஒதுக்குவேன். மிலானிலும் ஒதுக்கினேன். பரிமாறுகிறவர் வந்து பார்த்தார். சோற்றில் ஏதோ குறை என்று நினைத்துத் தட்டையே எடுத்துப்போய் வேறு கொண்டுவந்தார். மறுபடி ஒதுக்கினேன். மறுபடி எடுத்துப்போனார். மூன்றாவது முறை சமையற்காரரே வெளியே வந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. முதலாளி ஆங்கிலத்தில் விளக்கினார். அழைத்துப்போனவர்கள் சிரித்தார்கள். சமையற்காரர் சிரிக்கவில்லை. செத்துப்போனவருக்குத் தன் சோறு பிடிக்குமா என்று கேட்டாராம்.

இதைக் கேட்டு இவள் தோள் குலுங்கியது. சிரித்தால் வலிக்கும், கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இன்னா சொன்னீங்க?"

"எங்கப்பாவுக்கு ஆம்பூர் பிரியாணி பழக்கம், இது கொஞ்சம் கொழைஞ்சிடுச்சுன்னு சொல்லச் சொன்னேன். முதலாளி சொல்லல."

ஹாங்காங்கில் சாப்பாடு எனக்கு அவ்வளவாகப் பிடிபடவில்லை. காளானும் சோயாக்கட்டியும் வழவழவென்று இருந்தன. ஆனால் அங்கே இருந்த ஒரு வயசான பரிமாறுகிறவரை மறக்க முடியாது. நான் முதல் வாயை ஒதுக்குவதைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளங்கை அளவு வெள்ளைத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஒதுக்கியதை அதில் எடுத்து, ஜன்னல் ஓரம் கடலைப் பார்த்து வைத்துவிட்டுப் போனார். அங்கே காக்கை ஒன்றும் வந்து எடுக்கப்போவதில்லை. இருந்தாலும் நான் எழுந்து அவரைக் கும்பிட்டேன்.

பாரிஸைக் கடைசியாக வைத்திருந்தேன். சொல்லப் பயமாக இருந்தது.

அங்கே எல்லாமே வெள்ளை. கையுறை போட்டுக்கொண்டு பரிமாறினார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் கறி வேண்டாம் என்றதும் உருளைக்கிழங்கு மசியல் கொண்டுவந்து வைத்தார்கள். முதல் வாயை ஒரு ரொட்டித் துண்டின்மேல் எடுத்து மேஜைத்துணியில் வைத்தேன். பரிமாறுகிறவர் மெல்லிய வெள்ளித் தகடு ஒன்றால் ரொட்டித்தூளை வழித்துக்கொண்டு வந்தார். சவரம் செய்கிற மாதிரி அவ்வளவு அழகாக. என் அப்பாவின் பங்கும் அதோடு போய்விட்டது.

"அப்பறம் சாப்டலையா?"

"சாப்ட்டேன்."

"எப்டி இருந்துச்சு?"

அதுதான் நான் மறைத்தது. அந்த மசியல் நாக்கில் வைத்ததும் காணாமல் போனது. வெண்ணெய், பால், உப்பு, வேறு ஒன்றும் இல்லை. அப்பாவின் பங்கு போன துக்கத்தோடு தட்டைச் சுரண்டிச் சுரண்டித் தின்றேன். இன்னொரு தட்டு கேட்டு வாங்கினேன். அன்று வெள்ளிக்கிழமை. இவள் இங்கே தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்திருப்பாள் என்று தெரிந்தேதான் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் குழாயைப் பார்த்தாள். பிறகு, "ரெண்டு தட்டா?" என்றாள்.

"ரெண்டு."

"நான் முழுங்கினா மொதல்ல அதான் வேணும். நீங்களே செய்யணும். சப்புனு இருக்கக் கூடாது."

கை வேலை பழகிய எனக்கு அடுப்பு வேலை பழக்கமில்லை. இரண்டு மாதம் அதையே செய்து பார்த்தேன். முதலில் கட்டி கட்டியாக வந்தது. பிறகு கஞ்சி வடிகட்டுகிற துணியில் போட்டு இழைத்தேன். கிழங்கைத் தோலோடு வேகவைத்துச் சூட்டோடு உரிக்க வேண்டும் என்று நானே கண்டுபிடித்தேன். அவள் கட்டிலில் இருந்தபடி கரண்டியைச் சாய்த்துக் காட்டச் சொல்வாள். "இன்னும் கனமா நிக்குது. வழியணும்." தோலை நான் தொட்டு ரகம் பிரித்த மாதிரி, கண்ணால் பார்த்தே ரகம் பிரித்தாள். ஒவ்வொரு நாளும் கழிவு என்றுதான் சொன்னாள்.

திங்கட்கிழமைகளில் விரிஞ்சிபுரம் போய் ஈசனைக் கும்பிட்டேன். ஆடியில் மூன்று வெள்ளி எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் மண்சோறு சாப்பிடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மண்சோறு என்றால் இலையும் இல்லை, தட்டும் இல்லை. கழுவிய தரையிலேயே சோற்றைப் போடுவார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயால் எடுக்க வேண்டும். பெண்களுக்கு நடுவே நான் ஒருவன்தான் ஆம்பிளை. கல்லின் குளிர்ச்சி உதட்டில் பட்டது. பாரிஸில் இரண்டாவது தட்டு கேட்டேனே தாயே, அதற்கு இதை எடுத்துக்கொள், அவளுக்கு ஒரு வாய் விடு என்று கேட்டேன். அன்று சாயங்காலம் இவள் என் மூக்கு நுனியில் ஒட்டிக் காய்ந்திருந்த பருக்கையை எடுத்துவிட்டு, "இந்த ஓட்டல் எப்டி?" என்றாள்.

"பரிமாறினவங்க நல்லவங்க" என்றேன்.

படம் எடுக்கிற நாள் வந்தது. காலையிலேயே கிழங்கை வேகவைத்து மசித்துத் தூக்குவாளியில் மூடிவிட்டுத்தான் கிளம்பினோம். அன்றைக்குக் கரண்டியைச் சாய்த்துக் காட்டியபோது அவள் கழிவு என்று சொல்லவில்லை. "இதான்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளையாக ஒரு மருந்தைக் கொடுத்து, விழுங்கச் சொல்லிப் படம் பிடித்தார்கள். என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். திரையில் அந்த வெள்ளை தொண்டையிலிருந்து கொஞ்சம் இறங்கி நின்றது. நூல் அளவுகூட அதற்குக் கீழே போகவில்லை. பிறகு இருமலோடு மேலே வந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு முறை பலூன் விட்டு விரித்துப் பார்த்தாயிற்று, இனி விரித்தால் கிழிந்துவிடும், வேறு வழி இல்லை என்று டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னார். நல்ல மனிதர். இவள் தோளைத் தொட்டுத்தான் சொன்னார்.

ஆட்டோ பிடித்துத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள்.

"மொதல்ல காக்கைக்கு வைங்க" என்றாள்.

மசியலைச் சூடாக்கி, ஒரு கரண்டி மதில்மேல் வைத்தேன். காக்கை வந்தது. மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு முழுவதும் தின்றது. வேண்டுதல் பலித்தால்தான் அது எடுக்கும் என்பார்கள். எதற்காக அன்றைக்கு எடுத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

"எனக்கும் ஊத்துங்க."

பால் விட்டுத் தண்ணீராகக் கலக்கி, வடிகட்டி, குழாயில் விட்டேன். பாரிஸில் நான் சுரண்டித் தின்றது அவள் வயிற்றுக்குள் இறங்குவதைப் பார்த்தபடி இருந்தேன். "இன்னா தெரியுது?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சூடு தெரியுது" என்றாள். "அவ்ளோதான்."

தூக்குவாளியில் மீதி இருந்தது. அவள் அதைக் காட்டி, "நீங்க சாப்ட்டு சொல்லுங்க. நெசத்த சொல்லணும்" என்றாள்.

அவள் எதிரிலேயே உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் போட்டேன். அம்மா தாயே, அது கட்டியாகவாவது, உப்புக் கரித்தாவது இருக்கக் கூடாதா என்று அந்த நொடியில் வேண்டினேன். அதுவும் நடக்கவில்லை. நாக்கில் வைத்ததும் காணாமல் போனது.

"நல்லாருக்கு" என்றேன். "அங்க மாதிரியேதான் இருக்கு."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்த ஊர் சாப்பாட்டைப் பற்றியும் அவள் என்னிடம் கேட்கவில்லை. ஆறு வேளையும் ஊற்றுகிறேன். அந்த இருபது நிமிஷமும் நாங்கள் மதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.