கபாப் கடையில் காய்ந்த தாசா

“எவ்வளவு படிச்சாலும் கடைசில உங்க அப்பன் பறையைத்தானம்மா காய்ச்சப் போறே?” கல்லூரியில் சேரச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஓர் அலுவலர் சிரித்துக்கொண்டே கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது ஜெர்மனியில், ஹனோவரில் பொறியாளர். அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அப்பாவின் தொழிலை யார் கேட்டாலும் ‘விவசாயம்’ என்றே சொல்லி வந்தேன்.

2006 ஜூன் 4, ஞாயிறு. காலை ஏழரைக்கு ஹனோவரில் ரயில். பெர்லினுக்குச் சுமார் 250 கிலோமீட்டர். முன்கூட்டியே வாங்கிய டிக்கெட் 29 யூரோ. போய் இறங்கிய நிலையம் திறந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பயணிகளைவிடப் படம் எடுப்பவர்களே அதிகம். தவமணி அக்கா காத்திருந்தார். எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்துக்காரர்; ஹனோவரில் நான் மளிகை வாங்கும் கடைக்காரரின் தமக்கை. சுரங்க ரயிலில் அப்பாவைப் பற்றிக் கேட்டார். வழக்கமான பதிலைச் சொன்னேன். “கமமோ, நல்லது” என்றார். விவசாயத்தை அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பத்தரை மணி, ஹெர்மன்பிளாட்ஸ் சதுக்கம். பெந்தகோஸ்தே ஞாயிறன்று இங்கிருந்து க்ரொய்ட்ஸ்பெர்க் பகுதி வழியாகப் பல நாட்டு ஆட்டபாட்டக் குழுக்களின் ஊர்வலம் போகும். நான் பார்க்க வந்தது கரீபியன் குழுக்களை. முதுகில் ஆளுயர இறகுகளைக் கட்டிய ஒரு பெண் சுரங்க ரயில் நிலையப் படிகளில் நண்டுபோல் பக்கவாட்டில் ஏறி வந்தாள். இரண்டு பொரித்த ரொட்டிக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு வைத்து ‘டபுள்ஸ்’ என்று விற்றார்கள், இரண்டரை யூரோ. உறைப்புக் காணாது என்று குறை சொல்லிக்கொண்டே அக்கா இன்னொன்று வாங்கினார்.

பதினொன்றரைக்கு டிரினிடாட் குழுவிடம் போனோம். ஏழு தாசா மேளங்கள், எல்லாம் ஆட்டுத்தோல். விடியற்கால மழையில் தோல் தளர்ந்து, அடித்தால் ஈரத் தலையணையைத் தட்டியதுபோல் இருந்தது. தோலைச் சூடேற்றி இறுக்கத் தெருவில் தீ மூட்டக் கூடாது என்று காவலர் சொல்லிவிட்டாராம். குழுத்தலைவி இந்திராவின் முன்னோர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். எந்த ஊர் என்று தெரியாது. ஊர்வலம் கிளம்பும் பன்னிரண்டரைக்குள் மேளம் பேசாவிட்டால் முன்னால் போகும் வண்டியின் ஒலிபெருக்கிப் பாட்டுக்குப் பின்னால் சும்மா நடக்க வேண்டியதுதான் என்றாள். ஒரு வருடப் பயிற்சி. அவள் என்னிடம் பேசினாலும் கண் மேளத்தில்தான் இருந்தது.

எனக்கு வழி தெரியும். சொன்னால், எப்படித் தெரியும் என்று அக்கா கேட்பார்.

எதிரே துருக்கியர் ஒருவரின் கபாப் கடை. நெட்டுக்குத்தாக நின்ற இறைச்சிக்குப் பின்னால் செக்கச்செவேலென்று அடுப்பு. ஒரு மேளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். கடைக்காரர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இதைச் சீவித் தர முடியாதே” என்றார் ஜெர்மனில். விஷயம் தெரிந்ததும் இறைச்சிக் கம்பியைக் கழற்றி வைத்தார். ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சுற்றினேன். கிட்டப் போனால் தோல் வெடித்துவிடும். விரலால் தட்டித் தட்டிக் கேட்டேன். நாலாவது நிமிடம் ‘டங்’ என்றது. கபாபுக்கு வரிசையில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அக்கா கை தட்டவில்லை. “உமக்கு இது எப்பிடித் தெரியும், பிள்ளை?”

“எங்கப்பா பறை அடிக்கிறவர், அக்கா. சின்ன வயசுல அவருக்குக் காய்ச்சிக் கொடுத்தது நான்தான்.”

 அக்கா போய் அடுத்த மேளத்தைத் தூக்கி வந்து நீட்டினார். “அப்ப ஏன் கமம் எண்டு சொன்னனீர்? சரி, இதைப் பிடியும். நேரம் போகுது.”

ஊர்வலம் நகர்ந்தபோது ஏழு மேளமும் பேசின. இந்திரா ஒரு தாசாவை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். எங்கள் ஊரில் அப்பா தெருக்கோடியில் ஒதுங்கி நின்று அடிப்பார். நான் நடுத்தெருவில் ஒரு கிலோமீட்டர் அடித்துக்கொண்டே நடந்தேன். தாளம் இரண்டு இடத்தில் தவறியது. அப்பா கேட்டிருந்தால் முறைத்திருப்பார்.

திங்கள் விடுமுறை. செவ்வாய்க்கிழமை, அப்பா ஜெர்மனி வருவதற்கான விசா படிவத்தை நிரப்பி, அவர் கையெழுத்துக்காக ஊருக்குத் தபாலில் அனுப்பினேன். தொழில் என்ற கட்டத்தில் ‘பறை இசைக் கலைஞர்’ என்று எழுதியிருக்கிறேன்.