தட்டிப் பார்த்த கல்

குருவே என்கிற ஊர்ப் பக்கம் நிற்கிற கற்சுவர்களில் பாதி முசெகிவா கட்டியவை. பள்ளிக்கூடம், மாதா கோயில், பாலத்தின் கைப்பிடிச் சுவர், எல்லாம் அவர் கைவேலை. நடுவயதில் சிலை செதுக்கவும் இறங்கினார். அதிலும் சோடை போகவில்லை.

மலையிலிருந்து வரும் கறுப்புக் கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள். கணீரென்றால் கல் முழுசு. சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே வெடிப்பு. வெடிப்போடு செதுக்கிக்கூட முடித்துவிடலாம். பளபளப்புக்கு மெழுகு பூசுவதற்காக நெருப்பு மூட்டிச் சூடேற்றும்போதுதான் குட்டு உடையும்.

நாற்பது வருஷ உளிச்சத்தம் முசெகிவாவின் காதைத் தின்றுவிட்டது. காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் கேட்கும். அதை யாரிடமாவது சொன்னாரா மனிதர்? மூச்சு விடவில்லை. செவிட்டுக் கொத்தனுக்கு எவன் வேலை கொடுப்பான் என்ற பயம் பாதி, வீம்பு பாதி. எதிராளியின் வாயைப் பார்த்தே காலத்தை ஓட்டினார்.

போன மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகள் செகெசாய் வேலை தேடித் தெற்கே போனாள். எல்லையில் ஓடும் லிம்போபோ ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்வதுபோல ஓர் ஆட்டுத் தலையைத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே என்பது அவருக்கு ஆறாத வருத்தம். மனைவியோ அன்றிலிருந்து அவர் முகத்தையே பார்ப்பதில்லை. பல மாதம் கழித்து ஒருநாள் எதிரே வந்து நின்றாள்.

"அந்த ஆட்டுத் தலைக்கு மேல என் பிள்ளை முகமாவது இருக்கட்டும். செதுக்கிக் கொடுங்க."

அந்த முகத்தைக் கொடுத்தால் இவள் மறுபடி தன்னோடு பேசுவாள் என்று நம்பினார். அவருக்கு மிச்சமிருந்த நம்பிக்கை அது ஒன்றுதான். கல் எடுக்கிற அன்று மனைவியின் தம்பி ஏனோக்கும் கூட வந்தான். அவனும் சிற்பிதான்.

"வேற கல்லு பாருங்க மச்சான். இது செத்த சத்தம் போடுது."

வாயசைவில் புரிந்துகொண்டார். "என்னைக் குத்தம் சொல்லலேன்னா உனக்குக் களி இறங்காதே! நாப்பது வருஷமா கல்லைக் கேக்குற காதுடா இது."

இரண்டு மாதத்தில் முகம் வந்துவிட்டது. முன்பல் இடைவெளிகூட அப்படியே இருந்தது. மனைவி விரலால் அதைத் தொட்டுப் பார்த்து, "அவளேதான்" என்றாள். அவருக்கு உயிர் வந்தது.

சொந்தபந்தம் கூடிய நாளில், நடுப்பகலில், கல்லைச் சுற்றித் தீ மூட்டினார்கள். மெழுகுக் கட்டியை எடுக்க அவர் குனிந்தபோது சுற்றி நின்றவர்கள் துள்ளிப் பின்வாங்கினார்கள். எதற்கென்று விளங்காமல் திரும்பிப் பார்த்தார். நெற்றியிலிருந்து மோவாய் வரை பிளந்து, பாதி முகம் சாம்பலில் கிடந்தது.

மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் மண்டியிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் காது கேக்காதுடி. தட்டினப்ப எனக்கு ஒண்ணுமே கேக்கல. அஞ்சு வருஷமாவே இப்படித்தான்."

"அஞ்சு வருஷமாவா?"

அவர் தலையாட்டினார். அவள் அவர் தலையைப் பிடித்து இழுத்து, காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"அவ கிளம்பின அன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் திரும்பிக் கல்லு கொத்திட்டு இருந்தீங்க. உங்க முதுகுக்குப் பின்னால வந்து நின்னா. 'எனக்குப் பயமா இருக்குப்பா, போகாதேன்னு சொல்லுங்க, இருந்துடுறேன்'னா. மூணு தடவை சொன்னா. நீங்க திரும்பவே இல்ல. அப்பாவுக்கு நான் வேண்டாம்போலன்னு அழுதுட்டே போனா!"

முசெகிவா மனைவியின் உதடுகளையே பார்த்தபடி கேட்டார்.

"சத்தமாவா சொன்னா?"

"சத்தமாத்தான் சொன்னா."