தாம்பூலத்தோடு போன ஜப்பான் கோப்பைகள்

எனக்கு வாய் நீளம். பழைய பீங்கானைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஊர், என்ன விலை பெறும் என்று சொல்லிவிடுவேன். இணையத்தில் அவற்றை வாங்கி விற்பதுதான் என் பிழைப்பு. டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் யார் பரணை ஒழித்தாலும் ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். அந்தக் கர்வம் தலைக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

போன வருஷம் கீழ்வீட்டுப் பெண் ஆறு கோப்பையும் சாசருமாக ஒரு டீ செட் கொண்டுவந்தாள். கப்பலில் வேலை பார்த்த அவள் அப்பா எப்போதோ வாங்கி வந்தது. அவளுக்கு பி.எட். படிக்க இடம் கிடைத்திருந்தது. தசராவுக்குப் பிறகு கட்டணம் கட்ட வேண்டும், கையில் இல்லை. இதை விற்றால் முதல் தவணையாவது கட்டலாம் என்று நம்பி வந்திருந்தாள். விசேஷங்களுக்கு இரவல் போகும்போது மாறிவிடக் கூடாதென்று அவள் அம்மா ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு நெயில் பாலிஷை அப்பியிருந்தார். எவர்சில்வரில் பெயர் வெட்டுகிறோமே, அந்த மாதிரி. முத்திரை எதுவும் தெரியவில்லை. எனக்கோ அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க பக்கத்துல குர்ஜாவில மலிவா பண்ற சரக்கும்மா இது. ஒண்ணும் தேறாது," என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. செட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

நவராத்திரியில் கொலுவுக்குக் கூப்பிட்டாள். நாங்கள் ஆறு பெண்கள். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு ஆளுக்கொரு கோப்பையும் சாசரும் வைத்துக் கொடுத்தாள். விற்காத பொருள் வீட்டில் எதற்கு என்று நினைத்திருப்பாள்.

மறுநாள் காலையில் ரிமூவர் தொட்டு அடிப்பாகத்தைத் துடைத்தேன். 'மேட் இன் ஜப்பான்' என்று சின்னதாக ஒரு முத்திரை. கோப்பையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன். அடியில், பீங்கானுக்குள்ளேயே, கொண்டை போட்ட ஒரு பெண்ணின் முகம். மண்ணை மெல்லிசாகவும் கனமாகவும் அழுத்தி எடுப்பதால் வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற முகம். தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் உதிரியாக இருந்தால் பாதி விலைகூடக் கிடைக்காது, செட்டாக வேண்டும். அட மூதேவி, ஒரு நிமிஷம் தூக்கிப் பார்த்திருந்தால் என்ன என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"தாம்பூலத்துல வச்சுக் கொடுத்ததை எப்படிக்கா திருப்பிக் கேக்கறது? போகட்டும். அடுத்த வருஷம் படிக்கறேன்."

"நீ கேக்காதே. உளறினது நான். நானே போய்க் கேக்கறேன்."

ஐந்து வீடு ஏறி இறங்கினேன். "எனக்குத் தெரியலை, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்" என்று ஐந்து வாசலிலும் சொன்னேன். முதல் வாசலில் நாக்கு புரளவே இல்லை. ஒருத்தி கோப்பையில் மணி பிளான்ட் வைத்திருந்தாள், பிடுங்கிக் கழுவிக் கொடுத்தாள். பஞ்சாபிக்கார அம்மா உள்ளே போய்க் கோப்பை நிறையச் சர்க்கரை போட்டு வந்தார். "காலி நஹீ தேத்தே, பேட்டி." வெறுமையாகக் கொடுக்க மாட்டார்களாம். அதற்குப் பிறகு போன வீடுகளில் இதைச் சொன்னேனோ இல்லையோ, முந்திரி, கற்கண்டு, ஒரு பிடி பாசிப்பருப்பு என்று ஆளுக்கொன்று போட்டார்கள். என்னுடையதில் நானும் ஏலக்காய் போட்டேன்.

ஆறையும் சாசரோடு மேஜைமேல் வைத்ததும் அவள் அழுதுவிட்டாள். எனக்கும் அடக்க முடியவில்லை. தீபாவளிக்கு முன்பே நல்ல விலைக்குப் போயிற்று. கடைசி நாளில் கட்டணம் கட்டினாள்.

போன வாரம் கோல் மார்க்கெட் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுடைய முதல் பயிற்சி வகுப்பு. முடிந்ததும் போன் செய்தாள்.

"அக்கா, ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியலை. தெரியலைன்னே சொல்லிட்டேன்."

"பசங்க சிரிச்சாங்களா?"

"இல்லக்கா. 'அச்சா மிஸ், அப்ப நாளைக்குச் சொல்லுங்க'ன்னாங்க."