கூலிங் போயிடும்

வெயிலில் காய்ந்த தகரத்தைத் தொட்டால் கை தானாகப் பின்னால் வந்துவிடும். ஒரு சித்திரை மதியம், அப்படிக் காய்ந்த தகரக் கதவு ஒன்றை நான் விடாமல் தட்டிக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஏசி ஓடும் சத்தம் கேட்டது.

உள்ளே இருந்தவர் பெரிய மாமா, என் அம்மாவின் அண்ணன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவருக்குப் பட்டறை. கட்டட வேலை நடக்கும் இடங்களில் ஆபீசாக வைப்பார்களே, அந்தத் தகர கேபின்களைச் செய்து விற்றார். திடீரென்று ஒரு நாள் குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசை வந்தது. சின்னதாக ஒரு கேபின் செய்து, சக்கரம் பூட்டி, ஜீப்புக்குப் பின்னால் மாட்டிவிட்டார். சுவருக்குள் தெர்மாக்கோல், இரண்டு படுக்கை, பழைய ஏசி ஒன்று, அதை ஓட்ட லாரி பேட்டரிகளும் இன்வெர்ட்டரும். ஜன்னல் மட்டும் கிடையாது. ஏசி இருக்கும்போது ஜன்னல் எதற்கு என்பது அவருடைய பட்டறை ஞானம். அவர் கேபின்கள் எல்லாம் கரண்ட் கனெக்‌ஷன் உள்ள இடத்தில்தான் போய் உட்காரும். நடுரோட்டில் நிற்கும் கேபின் எப்படியிருக்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

அந்த வண்டியின் முதல் பயணம் என் தங்கையின் காதுகுத்துக்காக. திருத்தணியில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். அவளுக்கு நாலு வயது. மாமாவுக்கு நேரம் கிடைக்காததால் இரண்டு வருடமாகத் தள்ளிப்போன காரியம். அம்மா அவரிடம் கெஞ்சாத நாள் இல்லை. அப்பாதான் ஜீப் ஓட்டினார்; அம்மாவும் நானும் அவரோடு முன்னால். மாமாவும் அத்தையும் அவர்களுடைய இரண்டு பையன்களும் பின்னால் ஏசியில். என் தங்கையையும் முதலில் உள்ளே ஏற்றிக்கொண்டார்கள். ஊத்துக்கோட்டை தாண்டியதும் அவள் வாந்தி எடுத்தாள். அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு இறக்கிவிட்டாள். அப்புறம் அந்தக் கதவு எங்களுக்குத் திறக்கவில்லை.

திருவள்ளூருக்கு முன்னால் ஜீப் கொதித்து நின்றது. அப்பா கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். நிழல் என்று சொல்ல ஒரு வேலிகாத்தான் புதர்தான் இருந்தது. தங்கையின் உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. கண் செருகத் தொடங்கியது. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, பாப்பாவுக்கு முடியவில்லை, கொஞ்ச நேரம் படுக்க வைக்க வேண்டும் என்று கத்தினேன்.

"தொறந்தா கூலிங் போயிடும்மா. பேட்டரி வேற டவுனாய்க்கினு கீது. செத்த பொறுத்துக்கச் சொல்லு" என்றார் மாமா உள்ளிருந்து.

மறுபடி தட்டினேன். இந்தமுறை என் கையைப் பிடித்து இழுத்தது அம்மா.

"தட்டாதடி. மாமா கோச்சிக்கினு மடியில குந்த வெக்க மாட்டேன்னுட்டா இன்னா பண்றது?"

அந்த மடிக்காகத்தான் என் தங்கை வெயிலில் கிடந்தாள். அம்மாவின் இடுப்பிலேயே அவளுக்கு வலிப்பு வந்தது. வழியில் போன ஷேர் ஆட்டோவை மறித்துத் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்தாள். ஆனால் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை வலிப்பு மாத்திரை அவளை விடவில்லை. அன்றைய வெயிலால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

காதுகுத்து அடுத்த வருடம் நடந்தது, அதே மாமாவின் மடியில். அம்மா ஆனந்தக் கண்ணீர் விட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு நான் எலெக்ட்ரிகல் டிப்ளமோ படித்து, அதே தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தேன். அவ்வளவு சின்னப் பெட்டியில் ஒருமுறை கதவைத் திறந்து மூடினால், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பழையபடி குளிர்ந்துவிடும். பேட்டரிக்கும் ஒன்றும் ஆகாது. இதைத் தெரிந்துகொள்ளப் படித்திருக்கவே வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

போன தை மாதம் தங்கைக்குக் கல்யாணம். மாமன் சீரோடு வந்த பெரிய மாமா, மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த வண்டியின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். "பொண்ணையும் ஏசியிலயே வெச்சி இட்டுகினு போனேன். நல்லா தூங்கிக்கினு வந்துச்சி" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

"இல்ல மாமா. அவ வெளிய வெயில்ல இருந்தா. நான் கதவத் தட்டினேன்" என்றேன்.

மாமா நிஜமாகவே விழித்தார். திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

"அவ கெடக்கறாண்ணா" என்றாள் அம்மா. "அப்போ சின்னப் பொண்ணு, அவளுக்கு இன்னா தெரியும்? பாப்பா உள்ளதான் தூங்குச்சி."

மாலையோடு நின்றிருந்த தங்கை எங்கள் மூவரையும் பார்த்தாள். தனக்காக நான் அப்படியெல்லாம் பேசத் தேவையில்லை என்பதுபோல என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டு, குனிந்து மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.