இரண்டு டின் வெடிமருந்து

லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் நாங்கள் குடியிருந்தபோது, சனிக்கிழமை காலைகளில் அப்பா அடுத்த வீட்டு வெள்ளைக்காரரோடு சேர்ந்து தோட்டா செய்யப் போவார். எழுதிப் பார்த்தால் பயங்கரமாகத்தான் இருக்கிறது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது.

"சண்டைக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து தோட்டா செய்யிறியளோ?"

"அது எருமைக்கு."

"எருமை உங்களுக்கு என்ன செய்தது?"



அடுத்த வீட்டுக்காரர் மனைவியை இழந்த முதியவர். இளமையில் ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தவர். இன்னமும் சில வருடங்களுக்கு ஒருமுறை அங்கே காட்டெருமை வேட்டைக்குப் போய்வருவார். லைசென்ஸ் எடுத்த பெரிய துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. அதற்கென்று அந்தக் காலத்தில் செய்த வெடிமருந்து இப்போது கிடைப்பதில்லை என்பதால், புதிய மருந்துகளில் பொருத்தமான ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருந்தது. வேகமாக எரிவதைத் தவறான அளவில் போட்டால் குழல் வெடிக்கும். மிக மெதுவாக எரிந்தால் குண்டு எருமையை வீழ்த்தாது, எருமை வந்து ஆளை வீழ்த்தும். இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காக எரிவது அங்கத்தைய வெயிலில் வேறு மாதிரி எரியும். அப்பா யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவர். லண்டனில் பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தார். இரண்டு டின்களை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் மூன்று கிழமையாக வாதாடினார்கள். வெயிலைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அப்பா ஒருநாள் சொல்ல, முதியவர் சிரித்துவிட்டுக் கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு ஷிப்ட் என்பதால் அப்பா என்னையும் கூட்டிப் போவார். எதையும் தொடக்கூடாது என்பது நிபந்தனை.

அன்று அவர்கள் தேத்தண்ணி போட அடுக்களைக்குப் போனார்கள். பேச்சு நீண்டது. நான் செய்தவற்றை வரிசைப்படி சொல்கிறேன். இரண்டு டின்களிலும் எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் அரைவாசிக்குக் கீழே ஒரே மாதிரியான சாம்பல் நிறத் துணுக்குகள். சின்ன டின்னில் இருந்ததைப் பெரியதற்குள் கொட்டினேன். வெறும் டின்னை அந்த அறை மூலையில் இருந்த குழாயில் கழுவினேன். துடைத்து, யன்னலோரம் கவிழ்த்து வைத்தேன். மல்லித்தூளோ சீனியோ, ஒரே சாமானை இரண்டு இடத்தில் வைத்திருந்தால் அம்மா இப்படித்தான் செய்வார். மெச்சுவார்கள் என்று காத்திருந்தேன். அப்பாவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது; யாரும் கவனிக்காமலே புறப்பட்டோம்.

அடுத்த சனிக்கிழமை முதியவர் வாசலிலேயே நின்றார். கையில் கழுவிய டின். வியாழக்கிழமை தனியே பத்துத் தோட்டா நிரப்பியிருக்கிறார். பதினோராவதற்குக் கை நீட்டியபோதுதான் டின் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று யோசித்தாராம். இதைக் கழுவியது யார் என்று கேட்டார்.

அப்பா டின்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் கழுவுவதுபோலவே அது கழுவப்பட்டிருந்த விதம் அவருக்குத் தெரியாததல்ல. என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டும் ஒன்றென்று நினைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்றார்.

மூன்று கிழமையாக அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிய மனிதர் அப்படிச் சொன்னார். என்னிடமும் ஒரு வசனம் தயாராக இருந்தது. அப்பாவைவிட எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதியவர் சத்தம் போடவில்லை. அந்தப் பத்தில் ஒன்றைச் சுட்டிருந்தாலும் குழல் தன் முகத்தில் வெடித்திருக்கலாம் என்றார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்றார். இனித் தனியாகவே செய்துகொள்வதாக மிக மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

எங்கள் வாசலுக்கு வந்ததும் அப்பா, "அம்மாவுக்குச் சொல்லாதை, பிள்ளை" என்றார்.

"இனிச் சனிக்கிழமை அங்கை போகத் தேவையில்லையோ?"

"இல்லை."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுதத்தான் கை கூசுகிறது.

ஒரு மனிதரைக் கொன்றிருப்பேன் என்பது சில வருடங்களில், பள்ளி ஆய்வுகூடத்திலேயே விளங்கிவிட்டது. இப்போது பொருட்களின் தாங்குதிறனைச் சோதிப்பதே என் தொழில்; மேசையில் ஒரு நேரத்தில் ஒரு டின்தான் இருக்கலாம் என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்கிறேன். மற்றது விளங்கத்தான் காலம் எடுத்தது. லண்டனில் எல்லாரும் அப்பாவிடம் பம்ப் இலக்கத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரே ஒருவர்தான் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

கதவு சாத்திய அந்தச் சனிக்கிழமை, அம்மா ஷிப்ட் முடிந்து வந்த கையோடு அப்பா வெளிக்கிட்டார், வழமையைவிட இரண்டு மணித்தியாலம் முன்னதாக. சீருடைச் சட்டையின் மேல் பொத்தான்வரை பூட்டிக்கொண்டு, ஷிப்டுக்கு நேரமாகிறது என்றார். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கை காட்டினேன்.